கன்னியப்பனின் கையெழுத்து

தேவகியைக் காட்டிக்கொடுத்தது நான்தான்.

தேவகி இன்றைக்கும் நினைத்துக்கொண்டிருப்பதுபோல் வகுப்பாசிரியை அல்ல, தலைமையாசிரியை அல்ல, அவளுடைய கெட்ட நேரமும் அல்ல. நான்! அவளோடு ஒரே பெஞ்சில் மூன்று வருடம் தோள் உரசி உட்கார்ந்தவள். அவள் வீட்டுச் சோற்றைத் தின்றவள். ஓர் உண்மையான கைநாட்டைப் பொய் என்று சந்தேகிக்க வைத்தேன். அதற்கு முன் இரண்டு வருடத்துக்கும் மேலாக ஒரு பொய்க் கையெழுத்தை உண்மை என்று எல்லோரையும் நம்ப வைத்தவளும் நானேதான்.

இதை ஏன் உங்களிடம் சொல்கிறேன்? சொல்லவேண்டியவளிடம் சொல்லத் துணிவில்லை, அதனால்தான். உங்களுக்கு என்னைத் தெரியாது, எனக்கும் உங்களைத் தெரியாது... அந்த வசதி எனக்கு வேண்டியிருக்கிறது. இதுவும் கோழைத்தனம்தான். அதையும் முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

எண்பதுகளின் நடுப்பகுதி. எங்கள் வீடு சிட்லபாக்கத்தில், ஏரிக்கு இரண்டு தெரு தள்ளி. அப்பா பாரிமுனையில் குமாஸ்தா. காலையில் டிபன் டப்பாவோடு மின்சார ரயிலுக்கு ஓடுவார். மாலையில் வந்ததும் என் நோட்டுப் புத்தகங்களைப் புரட்டிப் பார்ப்பார். ஒரு பிழை இருந்தால் போதும், வீடே அதிரும். பள்ளிக்கூடம் கிழக்குத் தாம்பரத்தில் இருந்தது. பெண்கள் பள்ளி. எட்டாம் வகுப்பில் என் பெஞ்சில் இரண்டு பேர் வந்து சேர்ந்தார்கள். ஒருத்தி ஸ்டெல்லா, ரயில்வே குவார்ட்டர்ஸ்காரி. குறைவாகப் பேசுவாள், நிறையப் பார்ப்பாள். இன்னொருத்தி தேவகி. வேங்கைவாசலுக்கும் உள்ளே இருந்த ஒரு சிற்றூரிலிருந்து டவுன் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வருவாள். அவள் அப்பா கன்னியப்பனுக்கு ஏரிப் பாசனத்தில் கொஞ்சம் நெல்லும் கீரைப் பாத்தியும் இருந்தன.

பதின்மூன்று வயதில் மூன்று பெண்கள் எப்படி ஒட்டிக்கொள்வார்கள் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஸ்டெல்லா கொண்டுவரும் மீன் குழம்புச் சோற்றுக்கு நானும் தேவகியும் அடித்துக்கொள்வோம். ஒருத்திக்குக் காய்ச்சல் என்றால் மற்ற இரண்டு பேருக்கும் பள்ளிக்கூடமே பிடிக்காது.

அப்போதெல்லாம் மாதத் தேர்வு முடிந்ததும் ரேங்க் கார்டு கொடுப்பார்கள். வருடம் முழுவதற்கும் ஒரே மஞ்சள் அட்டை. ஒவ்வொரு மாத மதிப்பெண்களுக்கும் கீழே 'பெற்றோர் கையொப்பம்' என்று ஒரு சின்னக் கட்டம். மறுநாள் கையெழுத்தோடு திருப்பிக் கொடுக்க வேண்டும். அந்த அட்டைகளை வாங்கி, வரிசை எண்படி அடுக்கி, ஆசிரியையின் மேசையில் வைப்பது வகுப்புத் தலைவியின் வேலை. எட்டிலிருந்து பத்துவரைக்கும் வகுப்புத் தலைவி நான்தான்.

எட்டாம் வகுப்பின் முதல் மாதத்திலேயே அது நடந்தது. நான் அடுக்கிக்கொண்டிருந்த அட்டைகள் சரிந்து கீழே விழுந்தன. பொறுக்கித் தந்த ஒருத்தி, தேவகியின் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றுவிட்டாள். கட்டத்துக்குள் நீல மையில் ஒரு பெருவிரல் ரேகை.

"ஐயே, இவங்க அப்பா கைநாட்டுடி" என்றாள்.

பின்னால் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஒரு வாரத்துக்குத் தேவகிக்கு அதுவே பெயராகிவிட்டது. தேவகி அழவில்லை. சாப்பாட்டு நேரத்தில் எங்களிடம், "எங்கப்பாக்குக் கையெழுத்து போடத் தெரியும்டி. அன்னிக்கி வெரல்ல அடிபட்டுச்சி" என்றாள். பொய் என்று எங்கள் இருவருக்கும் தெரிந்தது. ஸ்டெல்லா தலையாட்டினாள். நான் வேறொன்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த மாத அட்டை வந்ததும் தேவகியிடம், "கொடு, நான் போட்டுத் தரேன்" என்றேன்.

அன்பினால்தான் செய்தேன்! இதை நீங்கள் நம்ப வேண்டும். அவளைப் பார்த்து இனி யாரும் சிரிக்கக்கூடாது என்று நினைத்தேன். ஆனால்... அன்பு மட்டும்தானா? எனக்குக் கையெழுத்துகளின் மேல் ஒரு பைத்தியம் இருந்தது. அப்பாவின் கையெழுத்தை, ஆசிரியைகளின் கையெழுத்தை எல்லாம் ரஃப் நோட்டில் போட்டுப் பார்ப்பேன். இல்லாத ஒருவருடைய கையெழுத்தை உருவாக்குவது என்றால் விடுவேனா? 'மு. கன்னியப்பன்' என்று சாய்த்து எழுதி, கடைசி 'ன்'னின் வாலைக் கீழே இழுத்து, பெயர் முழுவதற்கும் அடிக்கோடாக ஓட்டி, முடிவில் இரண்டு புள்ளி வைத்தேன். அந்தக் கையெழுத்துக்கு ஒரு மனிதரையும் கற்பனை செய்துகொண்டேன். கண்ணாடி போட்டவர், சட்டைப் பையில் இரண்டு பேனா வைத்திருப்பவர்.

மூன்றாவது மாதம் ஆசிரியை அட்டையைப் பார்த்துவிட்டு, "உங்க அப்பா கையெழுத்து அழகா இருக்கே தேவகி" என்றார். தேவகி திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தாள். எனக்குத் தலை கால் புரியவில்லை. என் வாழ்க்கையில் வேறு எந்தப் பாராட்டுக்கும் அவ்வளவு மகிழ்ந்ததில்லை.

கோடை விடுமுறையில் தேவகி வீட்டுக்குப் போனோம். அப்போதுதான் கன்னியப்பனை முதன்முதலாகப் பார்த்தேன். முழங்கால்வரை சேறு, தலையில் துண்டு, கண்ணாடியும் இல்லை பேனாவும் இல்லை. எங்களுக்காகப் பனை ஏறும் ஒருவரைக் கூட்டிவந்து நுங்குக் குலை இறக்கி, தானே சீவிக் கொடுத்தார். "பாப்பா, துணில படாம தின்னு. கறை போவாது" என்று என்னிடம் சொன்னார். அதற்குப் பிறகு அந்த வீட்டுக்கு எத்தனை தடவை போயிருப்பேன்! பொங்கலுக்கு, ஊர்த் திருவிழாவுக்கு, சும்மாவும்கூட. ஒவ்வொரு தடவையும் "வசந்தி பாப்பா வந்திச்சா, சோறு போடு" என்பதுதான் அவருடைய முதல் வார்த்தை.

ஒரு முறை அவர் தேவகியிடம் கேட்டதை என் காதாலேயே கேட்டேன்.

"இன்னா கண்ணு, இப்பல்லாம் ஸ்கூல்ல கைநாட்டு கேக்கறதில்லையா?"

"பெரிய கிளாஸ் ஆயிட்டா வேணாமாம்ப்பா" என்றாள் தேவகி.

"அப்டியா" என்றார். அவ்வளவுதான். ஆனால் முகம் சற்று வாடிவிட்டது. தேவகி பிறகு என்னிடம் சொன்னாள். அட்டை வரும் நாளில் அவர் கையைத் தேய்த்துக் கழுவி, சட்டை போட்டுக்கொண்டு உட்காருவாராம். ஒவ்வொரு பாடமாக அவளை வாசிக்கச் சொல்லிக் கேட்பாராம். எல்லாவற்றையும் கேட்டு முடித்த பிறகுதான் பெருவிரலில் பேனா மையைத் தடவி, மூச்சைப் பிடித்துக்கொண்டு கட்டத்துக்குள் வைப்பாராம். மாதத்துக்கு ஒரு தடவை. அதை நான்தான் அவரிடமிருந்து பிடுங்கியிருக்கிறேன் என்று எனக்கு அன்று உறைத்ததா? உறைத்தது. ஆனாலும் அடுத்த மாதமும் கையெழுத்துப் போட்டேன்.

பத்தாம் வகுப்பு வந்தது. நாங்கள் மாறினோம். இல்லை, சரியாகச் சொல்கிறேன். தேவகி மாறினாள்.

கணக்கு அவளுக்கு எப்படியோ பிடிபட்டுவிட்டது. நான் மனப்பாடம் செய்ததை அவள் யோசித்துப் போட்டாள். இடைவேளையில் மற்ற பெண்கள் நோட்டோடு அவளைத் தேடி வந்தார்கள். முன்பு எதற்கெடுத்தாலும் "நீ சொல்லுடி வசந்தி" என்றவள், இப்போது தானே முடிவெடுத்துவிட்டு என்னிடம் வந்து தகவல் சொன்னாள். பிளஸ் ஒன்னில் ஃபர்ஸ்ட் குரூப், பிறகு கணக்கு டீச்சர். அவள் வாழ்க்கை அவள் கண் முன்னால் தெளிவாக இருந்தது. நானோ ஒரு இடத்தில் நிற்க முடியாமல் தவித்தேன். அவள் யாரோடு பேசுகிறாள், ஏன் சிரிக்கிறாள், என்னைப் பற்றியா... கண் அங்கேயே அலைந்தது. மாதத்துக்கு ஒரு நாள் மட்டும் எனக்கு அமைதி. அட்டையை எடுத்துக்கொண்டு அவள் என்னிடம் வந்தே ஆக வேண்டிய நாள்!

அரையாண்டுத் தேர்வில் தேவகி முதல் ரேங்க். நான் இரண்டாவது. எட்டாம் வகுப்பிலிருந்து முதல் ரேங்க் என்னுடையதாக இருந்தது.

பொங்கல் விடுமுறை முடிந்து அட்டை கொடுத்தார்கள். மாலையில் தாம்பரம் பஸ் நிறுத்தத்தில் நான் வழக்கம்போல் கையை நீட்டினேன். தேவகி அட்டையைப் பைக்குள்ளேயே வைத்திருந்தாள்.

"இந்த வாட்டி வேணாம்டி" என்றாள். "எங்கப்பாகிட்டயே வாங்கிக்கறேன்."

"கைநாட்டா? எல்லாரும் சிரிப்பாங்கடி."

"சிரிக்கட்டும். ஃபர்ஸ்ட் ரேங்க் வாங்கியிருக்கேன், அவரு பாக்க வேணாமா? அவருக்குத் தெரியாம இத்தினி நாள் பண்ணதே எனக்கு ஒரு மாதிரி கீதுடி. நான் எதுக்கு வெக்கப்படணும்?"

ஸ்டெல்லா பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். "கரெக்டுடி" என்றாள்.

நியாயமாக நான் என்ன செய்திருக்க வேண்டும்? அவளைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டும். இரண்டு வருடங்களுக்கு முன் கூனிக் குறுகி நின்ற பெண் இன்று நிமிர்ந்து நிற்கிறாள், எனக்கல்லவா பெருமை? எனக்கோ வேலையை விட்டு நீக்கிவிட்டதைப்போல் இருந்தது. அவள் வளர்ந்துவிட்டாள், நான் இன்னும் எட்டாம் வகுப்பிலேயே ரஃப் நோட்டோடு உட்கார்ந்திருக்கிறேன் என்று தோன்றியது. அன்றிரவு அம்மா இரண்டு முறை கேட்டாள், ஏன்டி சாப்பிடலை என்று.

மறுநாள் காலை அட்டைகளை அடுக்கினேன். தேவகியின் அட்டை வந்தது. மேலே ரேங்க் என்ற இடத்தில் 1. கீழே கட்டத்துக்குள் பெருவிரல் ரேகை. கோடுகள் ஒவ்வொன்றும் தெளிவாக, கட்டத்தின் கோட்டில்கூடப் படாமல், நேராக வைத்திருந்தார்.

அதை வரிசை எண்படி நடுவில் வைத்திருந்தால் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். ஆசிரியை கட்டம் காலியாக இருக்கிறதா என்று மட்டும்தான் புரட்டிப் பார்ப்பார். எனக்கு அது நன்றாகத் தெரியும். நான் அந்த அட்டையை மட்டும் தனியாக எடுத்துக்கொண்டு ஆசிரியையின் மேசைக்குப் போனேன்.

"டீச்சர், தேவகி கார்டுல ரெண்டு மாதிரி இருக்கு."

இவ்வளவுதான் சொன்னேன். ஆறே ஆறு வார்த்தை.

என்ன நினைத்துச் சொன்னேன் தெரியுமா? 'கைநாட்டெல்லாம் செல்லாது, ஒழுங்கா கையெழுத்து வாங்கிட்டு வா' என்று ஆசிரியை அவளைத் திருப்பி அனுப்புவார். அவள் என்னிடம் வருவாள். "வசந்தி, நீயே போட்டுத் தாடி" என்பாள். அதுதான் எனக்கு வேண்டியிருந்தது. மாட்டிக்கொள்வோம் என்ற பயமே எனக்கு வரவில்லை. என் கையெழுத்தின் மேல் அவ்வளவு நம்பிக்கை, அவ்வளவு திமிர்! ரேகையைத்தான் சந்தேகப்படுவார்கள், கையெழுத்தை யாராலும் தொட முடியாது என்று நினைத்தேன்.

இல்லை... நில்லுங்கள். இது பாதி உண்மை. அவள் கொஞ்சம் அவமானப்பட வேண்டும் என்றும் நினைத்தேன். முதல் ரேங்க்குக்குப் பக்கத்தில் அந்தக் கைநாட்டை எல்லோரும் இன்னொரு தடவை பார்க்கட்டும் என்றும் நினைத்தேன். இத்தனை வருடம் கழித்துங்கூட இந்த வரியை எழுதக் கை கூசுகிறது.

ஆசிரியை அட்டையை முன்னும் பின்னும் திருப்பினார். தேவகியைக் கூப்பிட்டார்.

"இதுல எது உங்க அப்பாவோடது?"

"கைநாட்டு, டீச்சர்."

"அப்ப இத்தனை மாசமா இருக்கற கையெழுத்து?"

நான் இருந்த பக்கம் தேவகி திரும்பவே இல்லை. ஆசிரியை அட்டையை எடுத்துக்கொண்டு தலைமையாசிரியையின் அறைக்குப் போனார். தேவகிக்கு, நான் அட்டையைத் தனியாகக் கொண்டுபோனது தெரியாது. அப்போது அவள் வெளியே பானையில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். ஸ்டெல்லா மட்டும் பெஞ்சில் இருந்தாள். பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் கன்னியப்பன் வந்தார். கல்யாணங்களுக்குப் போடும் வெள்ளைச் சட்டை, மடிப்புக் கோடு கலையவில்லை. செருப்பைத் தலைமையாசிரியை அறைக்கு வெளியே, ஓரமாகக் கழற்றி வைத்திருந்தார். வகுப்புத் தலைவி என்று என்னையும் கூப்பிட்டனுப்பினார்கள்.

தலைமையாசிரியை குரலை உயர்த்துகிறவர் அல்ல. அதுதான் பயம். தேவகியிடம், "யார் போட்டது?" என்று கேட்டார். மறுபடியும் கேட்டார். தேவகி சுவரிலிருந்த காலண்டரையே பார்த்துக்கொண்டு நின்றாள். மூன்றாவது தடவை. நான்காவது தடவை. பிறகு என் பக்கம் திரும்பினார்.

"நீதானே கார்டெல்லாம் வாங்கறே? ரெண்டு பேரும் ஒரே பெஞ்சு வேற. இது யார் போட்டதுன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியாது டீச்சர்."

"இவங்க வீட்டுக்குப் போயிருக்கியா?"

"நான் அவங்க வீட்டுக்குப் போனதே இல்ல டீச்சர். இவரை இப்பதான் பாக்கறேன்."

கடைசியாகச் சொன்னது எதற்கு? யார் கேட்டார்கள் அதை? 'போனதில்லை' என்பதோடு நிறுத்தியிருக்கலாமே! பயம் வந்தால் வாய் தானாக இன்னும் நான்கு அடி ஓடும் போலிருக்கிறது.

கன்னியப்பன் என்னைப் பார்த்தார். என் முகத்தில் என்ன இருந்ததோ, எனக்குத் தெரியாது. அவர் எல்லாவற்றையும் படித்துவிட்டார். எழுத்துத் தெரியாத மனிதர்!

"ஆமாங்கம்மா" என்றார் தலைமையாசிரியையிடம். "இந்தப் பாப்பாவ நானும் பார்த்தது கெடையாது."

தேவகி அப்போதுதான் திரும்பினாள். அப்பாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடியும் காலண்டரிடம் போய்விட்டாள்.

கன்னியப்பன் மேசையிலிருந்த அட்டையைக் கையில் எடுத்தார். அந்தக் கையெழுத்தை அவர் பார்ப்பது அதுதான் முதல் தடவை. தலைகீழாகப் பிடித்திருந்தார், தேவகி திருப்பிக் கொடுத்தாள்.

"இது நான் போட்டதுதாங்க. எப்பனா போடுவேன். பொண்ண ஒண்ணும் கேக்காதீங்கம்மா."

தலைமையாசிரியை தன் மைப்பேனாவைத் திறந்து, ஒரு வெள்ளைத் தாளை அவர் முன்னால் நகர்த்தினார். "அப்ப போட்டுக் காட்டுங்க."

அந்தப் பேனாவை அவர் நாற்றுப் பிடிப்பதுபோல் மூன்று விரலால் அடியில் பிடித்தார். குனிந்தார். அட்டையைப் பார்த்துப் பார்த்து, முதல் கோட்டை இழுத்தார். நிப்பு பிரிந்து மை கொட்டியது. துண்டால் துடைத்தார். மறுபடியும் இழுத்தார். நான் விளையாட்டாகச் சாய்த்துப் போட்ட 'மு' அது. அதன் சுழியில் அவர் சிக்கிக்கொண்டார். அவருடைய நெற்றியிலிருந்து ஒரு சொட்டு வியர்வை தாளில் விழுந்து, மையோடு கலந்து பரவியது. அந்த அறையில் மின்விசிறி ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஒரு எழுத்துக்கே எவ்வளவு நேரம் ஆனது என்று தெரியவில்லை. அடுத்த எழுத்துக்குப் போனார். விடவில்லை மனிதர்.

நான் இரண்டடி தள்ளி நின்றுகொண்டிருந்தேன். ஒரு வார்த்தை... 'நான்தான்' என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னால் அவர் பேனாவைக் கீழே வைத்துவிடலாம். நான் சொல்லவில்லை. அவர் சரியாகப் போட்டுவிட வேண்டுமே என்று, வெட்கமில்லாமல், கடவுளை வேண்டிக்கொண்டிருந்தேன்.

"அப்பா, வேணாம்ப்பா" என்றாள் தேவகி.

"போதும், வைங்க" என்றார் தலைமையாசிரியை. அவருடைய குரலும் அப்போது கொஞ்சம் மாறித்தான் இருந்தது.

முடிவு மறுநாள் தெரிந்தது. பொதுத்தேர்வு எழுதலாம். பிளஸ் ஒன்னுக்கு இந்தப் பள்ளியில் இடமில்லை. மாற்றுச் சான்றிதழில் நடத்தை என்ற இடத்தில் எல்லோருக்கும் 'நன்று' என்று எழுதுவார்கள், அவளுக்கு 'திருப்தி'.

கன்னியப்பன் வந்துபோன அன்று மாலையே ஸ்டெல்லா என்னை ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் நிறுத்தினாள்.

"நீதான காமிச்ச? நான் பாத்தேன்."

"நான் சும்மா..."

"நாளைக்குப் போய்ச் சொல்லிடு. எட்டாவதுலேர்ந்து நான்தான் போட்டேன்னு சொல்லிடு."

"எங்கப்பா என்னைக் கொன்னுடுவாரு ஸ்டெல்லா."

"அவங்க அப்பாவ நீ பாத்தியா, இல்லியா?" என்று கேட்டாள். நான் அழ ஆரம்பித்தேன். அவள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் காலையில் ஸ்டெல்லா வேறு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். தேவகி அவள் பக்கத்தில். மூன்று பேர் உட்காரும் பெஞ்சில் நான் மட்டும், மார்ச் மாதம்வரைக்கும். தேவகி என்னோடு சண்டை போடவில்லை, ஒரு வார்த்தை கேட்கவுமில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனோ என்று பல நாள் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். சொல்லியிருக்க மாட்டேன். தினமும் காலையில் இன்றைக்குச் சொல்லிவிடுவோம் என்று கிளம்புவேன். பள்ளி வாசலைத் தாண்டும்போதே, பரீட்சை முடியட்டும் என்று மனசு ஒரு தவணை வாங்கிவிடும். திருப்புதல் தேர்வில் எனக்கு மறுபடியும் முதல் ரேங்க் வந்தது. அப்பா தெருவெல்லாம் சொல்லிக்கொண்டார்.

தேவகி பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் வாங்கினாள். கன்னியப்பன் அவளைக் கூட்டிக்கொண்டு இரண்டு பள்ளிகளுக்குப் போனாராம். இரண்டு இடத்திலும் சான்றிதழைப் பார்த்துவிட்டு, ஏன் இப்படி எழுதியிருக்கிறார்கள் என்று கேட்டார்களாம். மூன்றாவது பள்ளிக்குத் தேவகியே வரமாட்டேன் என்றுவிட்டாள். இதெல்லாம் யாரோ சொல்லிக் கேள்விப்பட்டது. ஜூன் மாதம் நான் ஃபர்ஸ்ட் குரூப்பில் சேர்ந்த வாரம், அவள் ஒரு ஏற்றுமதித் துணிக் கம்பெனியில் தையல் மிஷினில் உட்கார்ந்தாள்.

தன் வினை தன்னைச் சுடும் என்பார்கள். என்னை எங்கே சுட்டது? கல்லூரிக்குப் போனேன். வேலைக்குப் போனேன். கல்யாணம் நடந்தது. சுட்டதெல்லாம் அவளைத்தான்.

தொண்ணூறுகளின் பாதியில் ஒரு நாள், தாம்பரம் ரயில் நிலையத்தில் பெண்கள் பெட்டி வந்து நிற்கும் இடத்தில் காத்திருந்தேன். பின்னாலிருந்து, "ஏய் வசந்தி" என்று குரல். திரும்பாமலேயே தெரிந்துவிட்டது. ஸ்டெல்லா சொல்லியிருப்பாள், எல்லாம் தெரிந்துதான் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன்.

தேவகி சிரித்துக்கொண்டு நின்றாள். கொஞ்சம் சதை போட்டிருந்தாள். இப்போது கம்பெனியில் சூப்பர்வைசராம். ஒரு பையன் இருக்கிறானாம். என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

"ஸ்டெல்லாவப் பாத்தியா?" என்று கேட்டேன். எதற்குக் கேட்டேன் என்று உங்களுக்குப் புரிந்திருக்கும்.

"என் கல்யாணத்துக்கு வந்தா. அப்புறம் வீட்டுக்காரரோட வடக்க எங்கியோ பூட்டா. உன்னப் பத்திக் கேட்டேன். தெரியாதுன்னா."

ஸ்டெல்லா சொல்லவே இல்லை! நானே சொல்ல வேண்டும் என்று விட்டுவைத்திருக்கிறாள்.

"தேவகி, அன்னிக்கி ஸ்கூல்ல..." என்று ஆரம்பித்தேன். மெய்யாகவே ஆரம்பித்தேன்.

"அட வுடுடி" என்றாள். "நீ தெரியாதுன்னு சொன்னதுல மொதல்ல எனக்குக் கோவம்தான். கையெழுத்து போட்டது அவ, மாட்டிக்கினது நானான்னு வூட்ல உன்னத் திட்டிகினே இருந்தேன். அப்புறம் யோசிச்சிப் பாத்தா நீ மட்டும் இன்னாடி பண்ணுவ? சின்னப் பொண்ணு, பயந்துட்ட. டீச்சருக்குத்தான் இன்னா கண்ணு பாரு. நாப்பது கார்டுல கரெக்டா என் கார்டப் புடிச்சாங்களே."

நான் என்ன சொன்னேன் என்று நினைக்கிறீர்கள்?

"ஆமா" என்றேன்.

பதினைந்து வயதில் செய்ததற்கு ஏதேதோ காரணம் சொல்லிக்கொள்ளலாம். இந்த 'ஆமா'வுக்கு என்ன காரணம் சொல்வது? அப்போது எனக்கு இருபத்தைந்து வயது. யாரும் என்னைப் பள்ளியைவிட்டு நீக்க முடியாது. அப்பாவும் அடிக்க முடியாது. அவள் என் சின்னக் குற்றத்தை மன்னித்தாள். அதை வாங்கிப் பெரிய குற்றத்தின் மேல் போர்த்திக்கொண்டேன்.

"அப்பா எப்படி இருக்காரு?" என்று கேட்டேன்.

"போன வருஷம் தவறிட்டாரு. உன்ன ஒரு நாளும் தப்பாப் பேசினதில்ல தெரியுமா? நான் திட்டினா, 'வுடு கண்ணு, அது பேரு வெளிய வந்திருந்தா அதையும்தான் அனுப்பியிருப்பாங்க. ரெண்டு பேர்ல ஒருத்தியாச்சும் படிக்கட்டும்'னுவாரு."

ரயில் வந்தது. தேவகி ஏறி, சன்னலோரம் இடம் பிடித்து, பக்கத்தில் பையை வைத்து எனக்கும் இடம் போட்டாள். "வா வா" என்று கையசைத்தாள். நான் யாரையோ பார்க்க வேண்டும், அடுத்த வண்டியில் வருகிறேன் என்று சைகை காட்டினேன். பார்க்க வேண்டிய ஆள் யாரும் இல்லை. அவள் போன பிறகு இரண்டு வண்டிகள் வந்து போயின. மூன்றாவதில்தான் ஏறினேன்.

அதற்குப் பிறகும் நான் அவளைத் தேடிப் போகவில்லை. எங்கே இருக்கிறாள் என்று தெரியும். என் வீட்டிலிருந்து அரை மணி நேரம்கூட ஆகாது.

'சின்ன வயசுல நடந்தது, விட்டுத் தள்ளுங்க' என்று சொல்லத் தோன்றுகிறதா உங்களுக்கு? எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள், தேவகியே சொன்னாள். அதனால்தான் யாரிடமும் சொல்லாமல் இருந்தேனோ என்னவோ. ஆனால் அந்த அறையை நினைத்துப் பாருங்கள். தலைமையாசிரியை அவளிடம் நான்கு தடவை கேட்டார், யார் போட்டது என்று. பக்கத்திலேயே நான் நின்றிருந்தேன். ஒரு தடவைகூட அவள் என் பெயரைச் சொல்லவில்லை.

அவளுக்கும் அப்போது பதினைந்து வயதுதான்.